உழாதவள்

காற்று கிளம்பியபோது அவள் மொட்டை மாடியில் ஈரத்துணிகளை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். மேற்கே, வானத்துக்கும் தரைக்கும் நடுவில், ஒரு பழுப்புச் சுவர் எழுந்து நின்றது. மழைதான் வருகிறது என்று நினைத்தாள். மழைக்காக ஊரே காத்திருந்த மாதம் அது. எல்லா நிலமும் உழுது தயாராகக் கிடந்தது. பெரும்பாலும் உழுதது அவளுடைய புருஷன்தான். சொந்தமாக டிராக்டர் வைத்திருந்ததால் சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். மண்ணை மாவாக்கிக் கொடுப்பதில் அவனுக்கு ஒரு பெருமை. ஒரு முறை நீளவாக்கில் உழுது, கட்டிகளை உடைத்து, மறுபடி குறுக்கே ஓட்டி, கடைசியில் ஒரு கைப்பிடி அள்ளி விரலிடுக்கில் வழியவிட்டுக் காட்டுவான். "குழந்தைக்குப் பவுடர் போடலாம் இதை" என்பான்.

அன்று காலை டிராக்டரில் ஒரு பேரிங் தேய்ந்து கத்த ஆரம்பித்தது. புதிது வாங்கிவர பைக்கை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போயிருந்தான்.

சுவர் நெருங்கியது. மழை வாசனை வரவில்லை. கொடியில் கிடந்த வெள்ளைத் துணிகள் அவள் கண்ணெதிரே பழுப்பாயின. பட்டப்பகல் அணைந்து போயிற்று. தடவித் தடவிப் படியிறங்கினாள். கதவிடுக்கில் ஈரத்துணியைத் திணித்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் இருக்கும் மகளை நினைத்துக் கவலைப்பட்டாள். புருஷனைப் பற்றிக் கவலைப்படத் தோன்றவில்லை. கடைக்காரனோடு பேரம் பேசிக்கொண்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

அவன் நெடுஞ்சாலையில் திரும்பி வந்துகொண்டிருந்தான். முன்னால் போன கார் நின்றது அவனுக்குத் தெரியவில்லை. பின்னால் வந்த லாரிக்கு அவன் தெரியவில்லை.

மருத்துவமனையில் முகத்தைத் துடைத்துத்தான் வைத்திருந்தார்கள். ஆனாலும் காது மடலுக்குள்ளும் இமை மயிரிலும் மண் இருந்தது. நர்ஸ் ஒருத்தி ஈரப்பஞ்சை நீட்டினாள். அவள் துடைக்கத் துடைக்க மண் வந்துகொண்டே இருந்தது. பவுடர் மாதிரி மண். பஞ்சு தீர்ந்ததும் தன் முந்தானை நுனியைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தாள். அந்த அறையில் அவளுக்கு அழுகை வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்து, சொந்தக்காரர்கள் கிளம்பிப் போய், வீடு வெறிச்சென்று கிடந்தபோது மழை வந்தது. மறுநாளே கொழுந்தன் அண்ணனின் டிராக்டரை ஓட்டிக்கொண்டு அவள் நிலத்து வரப்பில் வந்து நின்றான். அவள் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோது அரை டிராயர் போட்டுக்கொண்டு வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தவன். அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். இப்போது அவனுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டு. அவனுடைய பங்கு நிலம் அவள் நிலத்துக்கு மேற்கே, ஒரு வரப்பு தாண்டி இருந்தது.

"அண்ணி, ஈரம் காயறதுக்குள்ள ஓட்டிடறேன். விதையைப் போட்டுடலாம்."

"வேண்டாம் தம்பி."

"சரி, நாளைக்கு வரேன்."

"நாளைக்கும் வேண்டாம். இந்த நிலத்துல இனிமே கலப்பை இறங்க வேண்டாம்."

அவன் எஞ்சினை அணைத்தான். "உழாம எப்படி அண்ணி விதைக்கிறது?"

"தெரியல."

அது உண்மைதான். அவளிடம் திட்டம் எதுவும் இல்லை. கலப்பைக்குப் பின்னால் எழும் புழுதியை இன்னொரு முறை பார்க்க முடியாது என்பது மட்டும்தான் தெரிந்தது. துக்கத்தில் பேசுகிறாள், நாளாக நாளாகச் சரியாகிவிடும் என்று கொழுந்தன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

சரியாகவில்லை. அவளும் மகளும் கடப்பாரையால் குழி குத்தி மக்காச்சோளத்தை ஊன்றினார்கள். களைக்குக் கொண்டாட்டம். பயிர் கணுக்கால் உயரம் வருவதற்குள் புல் இடுப்பு உயரம் வந்தது. உள்ளங்கை கிழிந்து, துணியைச் சுற்றிக்கொண்டு பிடுங்கினார்கள். ஒரு பக்கம் பிடுங்கிக்கொண்டே போனால் மறுபக்கம் முளைத்தது. அறுத்ததைக் கொண்டுவந்து கொட்டியபோது கூடத்தில் ஒரு மூலை கூட நிறையவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? உழாதவ என்று பெயர் விழுந்தது. "உழாதவ வீட்டுல தலை வாருறதும் கிடையாதாம், முடி தானாப் படியுமாம்" என்று டீக்கடையில் சிரித்தார்கள். பள்ளிக்கூடத்தில் மகளுக்கு உழாதவ பொண்ணு என்று பெயர். ஒரு நாள் அவள் பையை வீசி எறிந்துவிட்டு வந்து நின்றாள்.

"அப்பா செத்துட்டாரு. அதுக்கு நிலத்தை ஏம்மா தண்டிக்கிறே? என்னை ஏன் தண்டிக்கிறே?"

மகள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாள். சாப்பிடவும் வரவில்லை. மறுநாள் பள்ளிக்குக் கிளம்பும்போது, போனைக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் போட்டாள்.

"இதைப் பாரு. உன்னை மாதிரி பைத்தியங்க உலகம் பூரா இருக்காங்க."

போனில் எந்த ஊரிலோ ஒரு பெண், நெஞ்சளவு வளர்ந்த பச்சைப் பயிரின் மேல் ஓர் இரும்பு உருளையை இழுத்துக்கொண்டு போனாள். பயிர் பாய் விரித்த மாதிரி தரையோடு படிந்தது. பின்னாலேயே ஒரு சின்ன இயந்திரம் அந்தப் பாயைக் கிழித்து, அடியில் இருந்த மண்ணில் கத்திக் கீறல் போல ஒரு கோடு போட்டு, விதையை விட்டு, மூடிக்கொண்டே போனது. மண் வெளியே தெரியவே இல்லை. புழுதியும் இல்லை. அடுப்பில் இருந்தது தீய்ந்து வாசனை வந்த பிறகும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைகளில் விசாரித்தாள். அப்படிப்பட்ட இயந்திரங்கள் இருந்தன. எல்லாம் பெரிய பண்ணைக்காரர்களுக்கானவை, அவளுடைய நிலத்தில் திரும்பக்கூட முடியாத அளவு. கடைசியில் இரும்புக் கேட், ஜன்னல் கிரில் செய்கிற வெல்டரிடம் போனாள். அவருக்கு ஊரில் பொறி என்று பெயர். வெல்டிங் தீப்பொறி பட்டு, பொத்தல் இல்லாத சட்டையே அவரிடம் கிடையாது. போனில் இருந்ததைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"தங்கச்சி, நான் கேட் பண்றவன். கேட் ஒரே இடத்துல நிக்கும். நீ காட்டறது நடந்து போகுதே."

"நடக்க வைங்கண்ணே."

அவர் சிரித்துவிட்டு, கடையின் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் வரைய ஆரம்பித்தார். அவள் ஒரு பழைய பவர் டில்லரைத் தேடிப் பிடித்தாள். கைப்பிடியைப் பிடித்துப் பின்னாலேயே நடந்து உழுகிற சின்ன வண்டி. உழுகிற கத்திகளை அவரே கழற்றிக் கடையின் மூலையில் எறிந்தார். இனி அது இழுக்க மட்டும்தான். முதலில் உருளை. தடித்த குழாயின் இரண்டு முனையையும் தகடு வைத்து அடைத்து, கனத்துக்கு உள்ளே தண்ணீர் நிரப்பி, மேலே வரிசையாக இரும்புப் பட்டைகளை வைத்துப் பற்றவைத்தார். பட்டைகளின் ஓரத்தைக் கிரைண்டரில் பிடித்து முகம் மழிக்கலாம் போலக் கூராக்கிக் கொடுத்தார்.

அங்கேதான் தப்பு நடந்தது. அந்த வருஷம் மண்ணுக்குப் பாயாக விரிக்க, உரப்பயிரான சணப்பையை விதைத்து, அது ஆளுயரம் வளர்ந்து மஞ்சளாகப் பூத்ததும் உருட்டினாள். கூரான பட்டைகள் தண்டை வெட்டிப் போட்டன. வெட்டின அடிக்கட்டையிலிருந்து சணப்பை மறுபடி துளிர்த்து, அவள் போட்ட சோளத்தை மூடிவிட்டது. வெட்டாமல் நசுக்கியிருந்தால் படுத்தபடியே செத்திருக்கும். அவளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அந்த வருஷமும் போயிற்று.

"பிளேடுன்னா வெட்டணும்னு நினைச்சுட்டேன் தங்கச்சி" என்றார் பொறி. அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உட்கார்ந்து ஒவ்வொரு பட்டையாகத் தேய்த்தார். "இரும்பை மொட்டையாக்கறதுக்குன்னு கிரைண்டர் பிடிக்கிறது எனக்கு இதுதான் முதல் தடவை."

அடுத்த வருஷம் சணப்பை ஒழுங்காகப் படுத்தது. விதைக்கிற இயந்திரமும் தயாராகியிருந்தது. முன்னால் தாளை, அதாவது படுத்துக் காய்ந்த சணப்பைத் தண்டை, வெட்ட ஒரு வட்டத்தகடு, அதன் பின்னே மண்ணைக் கீற ஒரு பல், தகரப் பெட்டியிலிருந்து விதை இறங்க ஒரு குழாய், கடைசியில் கீறலை அமுக்கி மூட ஒரு சின்னச் சக்கரம். பொழுது விடிந்தும் விடியாததுமாகப் பனி ஈரத்தோடு விதைத்தாள். ஈரத்தாள் ரப்பர் மாதிரி வளைந்து கொடுத்தது. தகடு அதை வெட்டாமல் மடித்துக் கீறலுக்குள் திணித்துவிட்டது. விதை மண்ணைத் தொடவே இல்லை. பாதி முளைக்கவில்லை. முளைத்ததில் பாதியை, தாளுக்கு அடியில் சுகமாகக் குடியேறியிருந்த எலிகள் தின்றன.

அவள் மண்டியிட்டு, ஒரு வரிசையைக் கையால் பிரித்து, சுருங்கிப்போன விதைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கொழுந்தன் வரப்பைத் தாண்டி வந்தான். முதலில் தன்மையாகத்தான் பேசினான்.

"போதும் அண்ணி. உடம்பு என்னத்துக்கு ஆகும்? இப்பவே ஓட்டித் தரேன். பயறாவது போடலாம்."

"வேண்டாம்பா."

"ஏன் வேண்டாம்? ஊர்ல என்ன பேசறாங்கன்னு தெரியுமா உங்களுக்கு?" அவன் குரல் உயர்ந்தது. "நீங்க உழாம நிக்கிறப்பல்லாம், எங்கண்ணனைக் கொன்னது அவன் ஓட்டின உழவுதான்னு நீங்களே தமுக்கடிச்சுச் சொல்ற மாதிரி இருக்கு. அவன் யாருக்காக ஓட்டினான்? உங்களுக்காகத்தானே? செத்தவன் மேல பழி போடறீங்களே, நல்லா இருக்கா?"

அவள் எழுந்து நின்றாள். கையில் இருந்த விதைகளைக் கீழே போடத் தோன்றவில்லை.

"பழி போடல தம்பி. அன்னைக்குப் பறந்தது யாரு மண்ணுன்னு யாருக்குத் தெரியும்? உன்னோடதும் இருந்திருக்கும், என்னோடதும் இருந்திருக்கும், ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக்காரங்களோடதும் இருந்திருக்கும். எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். அவரு காதுக்குள்ள இருந்து அதைத் துடைச்சு எடுத்தவ நான். நீ வெளியில நின்னு போன்ல பேசிக்கிட்டிருந்தே."

கடைசி வார்த்தைகளைச் சொல்லியிருக்க வேண்டாம். ஆம்புலன்சுக்கும் சொந்தக்காரர்களுக்கும் போலீசுக்கும் மாறி மாறிப் பேசி அலைந்தவன் அவன். அது அவளுக்கும் தெரியும். அவன் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. வழியில் பார்த்தால் அவன் டிராக்டரின் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டு போவான்.

மகள் நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்து டவுன் ஹாஸ்டலுக்குப் போனாள். போகும்போது, "மெஷின் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காதே, தோள் போயிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர்.

அடுத்த விதைப்புக்கு முன்னால் பொறி பழைய இரும்புக் கடையிலிருந்து தண்டவாளத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து தகட்டுக்கு மேலே கட்டினார். அந்தக் கனத்துக்குத் தாள் கத்தரித்த மாதிரி வெட்டுப்பட்டது. ஈரம் நன்றாகக் காயும்வரை அவள் வண்டியைக் கிளப்பவில்லை. எலிக்குப் பொறி வைத்தாள். அதைச் சொல்லிச் சொல்லி வெல்டர் சிரித்தார், "எனக்கே பொறி வைக்கிறியா?" என்று. சோளம் முளைத்தது. காய்ந்த சணப்பைக்கு நடுவில் கோடு கோடாகப் பச்சை. அவள் தினமும் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தாள். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. பயமாக இருந்தது.

ஒரு மழையோடு வானம் கைவிட்டது. அதை நம்பிப் பயிர் வைத்தவர்களும், உழுதுவிட்டு அடுத்த மழைக்குக் காத்திருந்தவர்களும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொழுந்தன் நிலத்தை உழுது, விதைத்தும் இருந்தான்.

காற்று வந்தபோது அவள் வயலில்தான் இருந்தாள். இயந்திரத்தின் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். மேற்கே பார்த்ததும் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு ஓட நேரமில்லை. பவர் டில்லரின் மறைவில் குப்புறப் படுத்து, முகத்தைத் துணியால் மூடி, தாளுக்குள் புதைத்துக்கொண்டாள். தகரப் பெட்டியின் மேல் மணல் ஆலங்கட்டி மாதிரி அடித்தது. பல்லில் நறநறத்தது. மூச்சுவிடும் இடைவெளியிலெல்லாம் ரோடுதான் ஞாபகம் வந்தது. இந்நேரம் யார் யார் போய்க்கொண்டிருப்பார்களோ. அன்று ரோட்டில் யாரும் சாகவில்லை என்று மறுநாள்தான் கேள்விப்பட்டாள்.

எல்லாம் அடங்கி எழுந்தபோது, மேற்கு வரப்பை ஒட்டி அவளுடைய பயிர் இல்லை. அங்கே கொழுந்தனின் மண், அவள் விரித்த தாளில் வந்து மோதி, மேடாகக் குவிந்து கிடந்தது. நாற்று அடியில் இருந்தது. உள்ளே போகப் போக மேடு தணிந்து, நடுநிலத்தில் சோளம் தூசி படிந்து, நின்ற இடத்தில் நின்றது. வரப்புக்கு அந்தப் பக்கம் பார்க்க மனசு வரவில்லை. அவனுடைய நிலத்தில் மேல்தோல் போய்விட்டிருந்தது. மஞ்சளாக, கெட்டியாக, பொடிக்கற்கள் பல் இளித்துக்கொண்டு கிடந்த தரையில் ஒரு விதை மிச்சமில்லை.

மறுநாள் காலை அவன் டிராக்டரில் டிரெய்லரை மாட்டிக்கொண்டு வந்தான். கையில் மண்வெட்டி.

"அண்ணி."

அந்தச் சொல்லைக் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது.

"என் மண்ணு உங்க பக்கம் வந்துடுச்சு. எடுத்துக்கட்டுமா?"

அவள் வீட்டுக்குப் போய் இன்னொரு மண்வெட்டி எடுத்துவந்தாள். இருவரும் அள்ளினார்கள். நாற்று வெட்டுப்படாமல் இருக்க, அடிமண்ணை அவள் கையால் தோண்டிக் கூடையில் வாரிக் கொடுத்தாள். டிரெய்லர் நிறைந்ததும் அவன் ஓட்டிக்கொண்டு போய்த் தன் நிலத்தில் கொட்டிவிட்டு வருவான். கொட்டும்போது பெரிதாகத் தெரிந்த குவியல், பரப்பிவிட்டால் காணாமல் போனது. ஒரு பாயளவு இடம் கறுக்கும். சுற்றிலும் மஞ்சள் தரை வெயிலில் மின்னும். உச்சி வெயிலில் அவன் டிரெய்லரின் ஓரத்தில் உட்கார்ந்து, தான் பரப்பியதைப் பார்த்தான். முதலில் சிரித்தான்.

"நான் என்ன அண்ணி பண்ணிக்கிட்டிருக்கேன்?"

பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து பக்கத்தில் வைத்துவிட்டு, சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

"உங்களோடது ஏன் போகல?" என்று தண்ணீரைக் குடித்துவிட்டுக் கேட்டான்.

"மேல தாள் இருக்கு. கீழ பழைய வேர் இருக்கு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான் தம்பி."

"எனக்கும் போட்டுத் தருவீங்களா?"

"தரேன். ஆனா இந்த வருஷம் ஒண்ணும் வராது. அடுத்த வருஷமும் சந்தேகந்தான். என்னைப் பார்த்தேல்ல."

அவனால் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. பிள்ளைகள் சின்னவை. ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, குடும்பத்தோடு கிளம்ப முடிவு செய்து டிராக்டரை விற்றான். அதை வாங்கினவன் ஓட்டிக்கொண்டு போகிற அன்று அவளைக் கூப்பிட்டான். அண்ணனுடையது, அண்ணி பார்க்காமல் போகக்கூடாது என்று அவனுக்கு. அவள் போய் நின்றாள். சீட்டு கிழிந்திருந்தது. கிழிசலுக்குள் பழைய மண் அப்பியிருந்தது. வாங்கினவன் எஞ்சினைக் கிளப்பியதும் அவள் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டாள்.

"நிலத்தை என்ன பண்ணலாம் அண்ணி?"

"என்கிட்ட விட்டுட்டுப் போ. முயற்சி பண்றேன்."

அந்த நிலத்தில் அவள் இயந்திரத்தை இறக்கிய முதல் நாள், தகடு கல்லில் பட்டு மணி அடித்த மாதிரி கணீர் கணீரென்றது. பல் உடைந்தது. பொறி வேறு ஒன்று செய்து கொடுத்தார். அதுவும் வளைந்தது. மூன்றாவதைக் கொண்டு சணப்பையை எப்படியோ விதைத்து முடித்தாள். மற்றபடி ஊர் அப்படியேதான் இருந்தது. மழை பெய்ததும் எல்லோரும் உழுதார்கள், தூசி பறந்தது. கீழ்ப்பக்கத்துப் பெண்கள் சிலர் மட்டும் வந்து, "உழாதவக்கா, எங்க நிலத்துக்கு எப்ப மெஷின் கொண்டு வருவீங்க?" என்று கேட்டார்கள். அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். "நாளைக்கு வரேன், ஈரம் காஞ்சதும்" என்றாள் அவள்.

கொழுந்தன் போன் செய்வான். பின்னணியில் இரும்பு இடிபடும் சத்தம் கேட்கும்.

"முளைச்சுதா அண்ணி?"

"முளைச்சிருக்கு."

"எவ்வளவு உயரம்?"

அவளுடைய நிலத்தில் சணப்பை தலைக்கு மேல் போயிருந்தது. பொய் சொல்லியிருக்கலாம்.

"முழங்கால்தான். மஞ்சளடிச்சுக் கிடக்கு. நடுநடுவே சொட்டை."

"சரி. சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. நீ?"

"இனிமேதான்."

போனை வைத்துவிட்டு அவள் தன் நிலத்தில் சணப்பைக்கு அடியில் காய்ந்து கிடந்த பழைய தாளைக் கைநிறைய வாரினாள். வரப்பைத் தாண்டிப்போய், அவன் நிலத்தில் சொட்டையாகத் தெரிந்த இடங்களில் பரப்பினாள். போய் வந்து, போய் வந்து பரப்பியும் ஒரு மூலைக்கே சரியாக இருந்தது. திரும்பிப் பார்த்தபோது, அவள் வாரின இடத்தில் தன் நிலத்தின் மண் வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது. அதற்கு மேல் எடுக்கவில்லை.